மணிலாவிலிருந்து வரும் நகல்

பெரிய வெள்ளிக்கிழமை பிற்பகலில் அந்த எண் பூஜ்யமாக இருந்திருக்க வேண்டும். பூஜ்யமாக இல்லை.

மரிவிக் கண்ணாடியைக் கழற்றி ஜாக்கெட் ஓரத்தில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் மானிட்டரைப் பார்த்தாள். வங்கியை நேற்றே மூடியாகிவிட்டது. ஏ.டி.எம். கணக்குகளையும் விடுமுறைக்காக வேறு சர்வர் பெட்டிகளுக்கு மாற்றியாகிவிட்டது. இந்தப் பெட்டிகளில் எதையும் எழுதுவதற்கு இன்று நாட்டில் ஒரு ஜீவன் கிடையாது. ஆனாலும் மணிலாவிலிருந்து ஏதோ வந்துகொண்டிருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. சரியாக மூடாத குழாய் மாதிரி ஒரு சொட்டு, கொஞ்ச நேரம் சும்மா, பிறகு இன்னொரு சொட்டு.

அந்தச் சொட்டுகளைப் பிடிப்பதுதான் அவள் வேலை. வங்கியின் மணிலா பெட்டிகளில் என்ன எழுதப்பட்டாலும் அது கடலுக்கடியில் கிடக்கும் கேபிள் வழியாக வந்து இங்கே தவாவோவில் அப்படியே இன்னொரு முறை எழுதப்படும். நாளைக்கு ஒரு நிலநடுக்கம் வந்து மணிலா மண்ணோடு மண்ணாகப் போனாலும் ஜனங்களின் கணக்குக்கு இங்கே ஒரு பிரதி உயிரோடு இருக்கும். தொல்லை என்னவென்றால் தூரம். அங்கே எழுதியது உடனே இங்கே வந்துவிடாது, கொஞ்சம் பின்தங்கித்தான் வரும். அந்த இடைவெளியைக் குறை, குறை என்றுதான் மேனேஜர் தினமும் அவள் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்.

உயிரை எடுத்தாலும் அவர் ஒரு வாக்கும் கொடுத்திருந்தார். புதுப் பெட்டிகள் வந்திருந்ததால் மொத்த நகலையும் முதலிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் புனித வாரத்தை விட்டால் வேறு நாள் கிடையாது. ஈஸ்டருக்குள் எல்லாம் வந்து சேர்ந்து, இடைவெளி பூஜ்யமாகி, ஒரு முறை திசையைத் திருப்பி இங்கிருந்து மணிலாவுக்கும் நகல் போகிறது என்று காட்டிவிட்டால் மரிவிக் ஊர் திரும்பலாம். இல்லையென்றால் அடுத்த புனித வாரம் வரை இங்கேதான். அவள் தவாவோவுக்கு வந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. வரும்போது மகள் பியாவுக்கு இரண்டு வயது. இப்போது பியா பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம், "எங்க அம்மா போனுக்குள்ள இருக்காங்க" என்று சொல்கிறாளாம். கணவன் ஜோமார் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். அன்றைக்கு மரிவிக் வாடகை அறையின் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கதவைச் சாத்தியிருக்கத் தேவையில்லை, அந்த வீட்டில் வேறு யாரும் கிடையாது.

காவலாளி நோங் கார்டிங், ஊர் வழக்கில் கார்டிங் அண்ணன், வாசலில் தலையை நீட்டினார். கையில் ஒரு டப்பா.

"இண்டாய் பொண்ணே, என் பொண்டாட்டி பினிக்னிட் குடுத்தனுப்பியிருக்கா. தேங்காப்பால் நெறையா இருக்கு, சூடு ஆறறதுக்குள்ள சாப்புடு. நான் ஊர்வலத்துக்குப் போயிட்டு ஓடி வந்துடறேன்."

"என்னைத் தனியா விட்டுட்டுப் போறீங்களா நோங்?"

"யாரு வரப்போறா? ஊரே சாத்திக் கெடக்கு. ஆனா பாத்து இரு. மூணு மணிக்கு மேல சத்தம் போடாத, குளிக்காத, கையில காயம் கீயம் பட்டுக்காத. இன்னிக்குப் பட்டா ஆறாது. ஆண்டவர் செத்துக் கெடக்கற நாளு, மேல இருந்து பாத்துக்க ஆளில்ல."

"வேலை செய்யலாமா?"

"கூடாதுதான். ஆனா உங்க மேனேஜர் ஆண்டவருக்கும் மேலயாச்சே!"

சிரித்துக்கொண்டே போனார். வெளிக்கதவு பூட்டிக்கொண்ட சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு மின்விசிறிகளின் இரைச்சல் மட்டும்தான். ஜன்னலே இல்லாத அந்தக் கூடத்தில் பகலும் ஒன்றுதான், ராத்திரியும் ஒன்றுதான். இரண்டு பக்கமும் ஆளுயர ரேக்குகள், நடுவில் காலடியில் உலோகத் தகடுகள் பதித்த நீண்ட பாதை, தகடுகளின் துளைகள் வழியே மேலே வந்து கணுக்காலைப் பிடிக்கும் குளிர். பாதையின் கோடியில், வெளிக்கதவுக்குப் பக்கத்தில், முதுகு தேய்ந்த ஒரு சுழல் நாற்காலி. மரிவிக்கின் மேஜை இந்தக் கோடியில். நாற்காலியில் அவள் உட்காருவதில்லை. அது குயா இல்டேயின், அதாவது இல்டே அண்ணனின், நாற்காலி. இந்தக் கூடத்தை ஒவ்வொரு கேபிளாக இழுத்துக் கட்டியவர் அவர். ஆறு வருடம் இங்கே தனியாக இருந்துவிட்டு மணிலா போனவர், செவ்வாய்க்கிழமை வேலை நேரத்திலேயே மாரைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார்.

அவர் எழவுக்கு அவளால் போக முடியவில்லை. அவளுக்கு வேலை சொல்லிக்கொடுத்த மனுஷன். போய் வர லீவு கேட்டபோது, "நகலை யார் பார்ப்பது?" என்றார் மேனேஜர்.

அவள் மேஜைத் தொலைபேசியை எடுத்து மணிலா கூடத்துக்கு அடித்தாள். ஆர்னெல் எடுத்தான். அவன்தான் பியாவுக்கு ஞானத்தகப்பன்; அந்த உறவில் அவன் அவளைக் குமாரே என்பான், அவள் அவனைக் கும்பாரே என்பாள்.

"சொல்லு குமாரே. அநாதையாட்டம் உட்காந்திருக்கியா?"

"நீ மட்டும் என்னவாம்? அங்க யாராவது எதையாவது எழுதறீங்களா கும்பாரே? எனக்கு ஏதோ சொட்டிக்கிட்டே இருக்கு."

"ஒருத்தரும் எதையும் தொடலையே. நாங்க இப்பதான் குயாவைப் பாத்துட்டு நேரா இங்க வந்தோம்."

"நேரா அங்கயா? எதுக்கு?"

"உதறணுமில்ல? எழவு வீட்ல இருந்து நேரா வீட்டுக்குப் போனா ஆளு பின்னாடியே வந்துடுவாரே. வழியில எங்கயாவது எறங்கி உதறிட்டுப் போகலாம்னா, டோனட் கடை சாத்தியாச்சு, முக்குக் கடை சாத்தியாச்சு, ஒரு பெட்டிக்கடைகூடத் தெறக்கல. பெரிய வெள்ளியாச்சே. கடைசியில 'ஆபீஸ்தான் எப்பவும் தெறந்திருக்கே, அங்க போவோம்'னு முடிவு பண்ணினோம். ஏழெட்டுப் பேரு சர்வர் ரூமுக்குள்ள ஒரு சுத்து சுத்தி, காலை உதறிட்டு வீட்டுக்குக் கெளம்பிட்டாங்க. நான்தான் டூட்டி."

"அடப்பாவிங்களா! செத்த மனுஷனை அவர் வேலை பாத்த ரூமுக்கே கூட்டிட்டு வந்து விட்டீங்களா?"

ஆர்னெல் சிரித்தான். "அவருக்கும் பழகின இடமாப் போச்சு, விடு."

"எப்படி இருந்தாரு?"

"பாரோங் சட்டையில மாப்பிள்ளையாட்டம் இருந்தாரு. செருப்ப மட்டும் கழட்டிட்டாங்க. செருப்போட பொதைச்சா வீட்டுக்குள்ள நடக்கற சத்தம் கேக்குமாமே."

இருவரும் பேச்சு ஓய்ந்த பிறகும் தொலைபேசியை வைக்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். அது அவர்களுக்கு வழக்கம்தான். அந்தப் பக்கம் ஒரு ஆள் மூச்சு விடுகிறது, காகிதம் புரட்டுகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாலே மரிவிக்குக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கும். மூன்று வருடமாக அவளுக்குத் துணை என்று இருந்தது அந்தச் சத்தம் மட்டும்தான்.

சொட்டுகள் எங்கே விழுகின்றன என்று தேடிப் பார்த்தாள். பெட்டியின் ஒரு ஓரத்தில், லைனைச் சோதிப்பதற்காகக் குயா இல்டே முன்பு தன் பெயரில் பிரித்து வைத்த பகுதி. பல வருடமாகக் காலியாகக் கிடந்தது. இப்போது அதன் அடியிலிருந்து மேலே கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பிக்கொண்டிருந்தது.

அப்போது ஸ்பீக்கரில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. தப், தப் என்று. ஷூ சத்தமில்லை, வெறுங்கால்.

"அங்க யாரு நடக்கறது?"

"யாருமில்ல. ஏன்?"

"நீ ஷூவைக் கழட்டிட்டியா?"

"இந்தக் குளிர்லயா? எனக்கு என்ன பைத்தியமா?"

சரி, லைனில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டாள். டப்பாவைத் திறந்து பினிக்னிட்டில் நாலு வாய் சாப்பிட்டாள். வாழைப்பழமும் சர்க்கரைவள்ளியும் வாயில் கரைந்தன. ஐந்தாவது வாய்க்குக் கரண்டியை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

கூடத்தின் அந்தக் கோடியில், தகடுகளின் மேல், தப், தப், தப்.

அதே நடை. ஸ்பீக்கரில் கேட்டபோது இருந்த அதே நிறுத்தம், ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற அதே தினுசு. அது பாதி தூரம் வந்து நின்றது. மரிவிக் எட்டிப் பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் பாதை காலியாகப் பளபளத்துக்கொண்டிருந்தது. அவளுடைய கண் தானாகவே மானிட்டரின் மேல் ஓரத்துக்குப் போனது. மணிலாவுக்கும் தவாவோவுக்கும் இப்போது இருக்கும் இடைவெளி அங்கே எழுதியிருந்தது. நாலு வாய் சாப்பிடுகிற நேரம்தான்.

பயத்தை ஒத்துக்கொள்ள அவளுக்கு வெட்கமாக இருந்தது. தகடு குளிரில் சுருங்கியிருக்கும். எலியாகக்கூட இருக்கலாம். அந்தப் பகுதியை மட்டும் நகலிலிருந்து விலக்கிவிடலாமா என்று யோசித்தாள். விலக்கினால் தணிக்கைக்காரர்கள் நகல் முழுதாக இல்லை என்பார்கள், அதைச் சாக்காக வைத்து மேனேஜர் இன்னொரு வருடம் என்பார். பியாவுக்கு ஆறு வயதாகிவிடும். அவள் விலக்கவில்லை.

கைப்பேசியில் மேனேஜரின் செய்தி வந்து விழுந்தது. இடைவெளி இன்னும் ஏன் பூஜ்யமாகவில்லை என்று கேட்டிருந்தார்.

இந்த வாரம் அவள் லைனைச் சீர்படுத்தச் செய்தது கொஞ்சநஞ்சமில்லை. முன்பெல்லாம் ஒரு துண்டை அனுப்பிவிட்டு, அது வந்து சேர்ந்தது என்ற பதில் வரும்வரை மணிலா சும்மா காத்திருக்கும். அதை மாற்றி, பதிலுக்குக் காத்திராமல் அடுத்தடுத்து அனுப்பச் செய்தாள். அனுப்புவதை அழுத்திச் சுருக்கி அனுப்பச் செய்தாள். மிச்சம் ஒரே ஒரு வேலை இருந்தது. இங்கே ஏற்கெனவே இருக்கும் எதையும் மணிலா மறுபடி அனுப்ப வேண்டாம், 'உன்னிடம் இருப்பதையே எடுத்துக்கொள்' என்று ஒரு குறிப்பு மட்டும் அனுப்பினால் போதும். அதைச் செய்தால் இடைவெளி சட்டென்று விழும். குயா இல்டே அவளுக்குக் கற்றுக்கொடுத்த வித்தைதான் அது.

"கும்பாரே, நான் கடைசி மாத்தத்தையும் போடறேன். அங்க எண்ணைப் பாத்துக்கிட்டிரு."

"போடு போடு. ஞாயித்துக்கிழமை பியாவை நீயே பூசைக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்."

அவள் போட்டாள். எண் சரசரவென்று இறங்க ஆரம்பித்தது. ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

ஸ்பீக்கரில் விரல்களால் உலோகத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. டக டக், டக. ரேக்கைக் கடந்து போகும்போதெல்லாம் அதன் கதவில் அப்படித் தட்டிக்கொண்டு போகிற ஒரு ஆளைத்தான் அவளுக்குத் தெரியும். அவள் வாய் திறந்து ஆர்னெலைக் கேட்பதற்குள் இங்கே, ஆறாவது ரேக்கோ ஏழாவது ரேக்கோ, டக டக், டக.

இங்கே ஏற்கெனவே இருப்பதை அனுப்ப வேண்டாம். அந்த நினைப்பு வந்ததும் மரிவிக் கூடத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். குயா இல்டே இங்கே எவ்வளவு இருந்தார்! நாற்காலியின் முதுகில் அவர் தலை எண்ணெய்க் கறை. ரேக்குகளுக்கு அவர் ஒட்டிய பெயர்ச்சீட்டுகளில் அவர் கையெழுத்து. இந்தக் கூடத்தில் அவர் தடவிக்கொள்ளும் தைலத்தின் வாசனை இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆறு வருடத்து மனுஷன் இங்கே அப்படியே கிடக்கிறார். மணிலாவிலிருந்து வர வேண்டியது மிச்சம் கொஞ்சம்தான்.

தைல வாசனை இப்போது கூடியிருந்தது. அதனடியில் வேறொரு வாசனை. எழவு வீட்டில் பூக்களுக்குப் பின்னாலிருந்து வருகிற மருந்து வாசனை.

"ஆர்னெல்."

"ம்?"

"அங்க இருமினது யாரு?"

"யாரும் இருமலையே குமாரே. உனக்கு என்ன ஆச்சு?"

ஸ்பீக்கரில் அந்த இருமல் முடிவதற்குள் இங்கே அது ஆரம்பித்துவிட்டது. தொண்டையைச் செருமி, ஒரு சின்ன இடைவெளி விட்டு, மறுபடி செருமி. முதலில் கால். அப்புறம் கை. இப்போது தொண்டை. அடியிலிருந்து மேலே.

எண் இறங்கிக்கொண்டே இருந்தது. அதைத் தடுக்க ஒரு விசையைத் தட்டினால் போதும். தட்டலாம். தட்டிவிட்டு, மேனேஜரிடம் என்ன சொல்வது? குயா இல்டே வருகிறார், அதனால் நிறுத்தினேன் என்றா? கை விசைக்கு மேலே நின்றது. பியா. போனுக்குள்ளே இருக்கும் அம்மா. கை அப்படியே நின்றது.

பூஜ்யம்.

நாற்காலி கிரீச்சிட்டது. அங்கேயும் இங்கேயும் ஒரே சமயத்தில். இரண்டு சத்தமும் ஒன்றாகிப் போய் எது எங்கே என்று பிரிக்க முடியவில்லை.

அவள் எட்டிப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. பாதையின் கோடியில் நாற்காலி அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. அதன் கைப்பிடியில் ஒரு கை. வெள்ளை பாரோங் சட்டையின் மெல்லிய கை. அதற்குள் மாவு பூசிய மாதிரி ஒரு மணிக்கட்டு. நாற்காலிக்குக் கீழே இரண்டு பாதங்கள், வெறும் பாதங்கள், ஒன்றுசேர்த்துக் கட்டிவைத்திருந்த தடத்தோடு.

வெளிக்கதவு அதற்குப் பக்கத்தில்.

"எல்லாம் பூஜ்யம்!" ஆர்னெல் அந்தப் பக்கம் கை தட்டினான். "அடிச்சுட்ட குமாரே! திசையத் திருப்பிக் காட்டிட்டா முடிஞ்சுது."

நாற்காலி மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தது.

திருப்பு. அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்குக் கேட்டது. திசையைத் திருப்பினால் இங்கே இருப்பதெல்லாம் அங்கே போகும். இவரும் போவார். வந்த வழியே போகட்டும். வேலையும் முடியும். அவள் கட்டளையை அடித்தாள். தவாவோவிலிருந்து மணிலாவுக்கு. சரியா? சரி. நிச்சயமாகவா? நிச்சயமாக.

மானிட்டரில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்தது.

நாற்காலி நின்றது. பக்கவாட்டில். ஒரு காது தெரிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு எண்ணாமல் காத்திருந்தாள். கண்ணைத் திறந்தாள். கை அங்கேயே இருந்தது. பாதங்கள் அங்கேயே இருந்தன.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முதல் நாள் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லித்தருகிற பாடம். நகல் என்றால் நகர்த்துவதில்லை. அனுப்பினாலும் இருப்பது இருந்த இடத்திலேயே இருக்கும். அந்தப் பக்கம் இன்னொன்று கூடும், அவ்வளவுதான்.

இங்கே இருப்பதெல்லாம் போகும்.

இங்கே அவளும் இருக்கிறாள்.

அவள் பதறி எழுந்தாள். காலணி தகட்டில் உரசியது. ஸ்பீக்கரில், ஒரு மூச்சு தாமதித்து, அதே காலணி அதே மாதிரி உரசியது.

"ஏய்!" ஆர்னெலின் குரல் துள்ளியது. "குமாரே! நீ எப்ப வந்த?"

"ஆர்னெல், நான் இங்க இருக்கேன். தவாவோவில இருக்கேன்."

"யார்கிட்ட கதை விடற? ரேக் சந்துல நிக்கிறியே, அந்தச் சாம்பல் ஜாக்கெட்டோட! தவாவோவில இருக்கேன்னு ஏமாத்தறியா? பியாவுக்குத் திடீர்னு போய் நிக்கலாம்னு பிளானா? அடிப் பாவி, திரும்பு, மூஞ்சியக் காட்டு."

"பாக்காத! அது நான் இல்ல! அங்கிருந்து வெளிய போ!"

"போன்ல எதுக்குக் கத்தற? இந்தா நிக்கற, வாயத் தெறந்து சொல்லேன்."

பச்சைக் கோடு கிட்டத்தட்ட முடிந்திருந்தது. இன்னும் ஒரு நகக்கண் அளவு மிச்சம். மரிவிக் மேஜைக்குப் பின்னால் பாய்ந்தாள். மணிலா லைன் உள்ளே வரும் மஞ்சள் கேபிளைப் பிடித்தாள். வங்கி போகட்டும். ஈஸ்டர் போகட்டும். இன்னொரு வருடம், பத்து வருடம் இங்கேயே கிடக்கிறேன். முழுப் பலத்தோடு பிடுங்கினாள். உள்ளங்கை கிழிந்தது. கோடு நின்றது. மேஜைத் தொலைபேசியும் அதே லைன்தான், ஸ்பீக்கர் செத்துப்போனது.

விசிறிகளின் இரைச்சல். அதற்குள் யாரோ நிதானமாக மூச்சு விடுகிறார்கள். இழுப்பது மட்டும் கேட்டது. விடுவது கேட்கவில்லை.

அவள் நாற்காலிப் பக்கம் பார்க்கவில்லை. மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்து கைப்பேசியை எடுத்தாள். கையிலிருந்து இரத்தம் திரையில் வழிந்தது. ஆர்னெலுக்கு அடித்தாள். மூன்றாவது முறை எடுத்தான்.

"அவ எங்க? ஆர்னெல், அது எங்க?"

"இதென்ன வெளையாட்டு மரிவிக்?" அவன் குரலில் சிரிப்பு போயிருந்தது. "நீதான் ஒரு வார்த்தை பேசாம விறுவிறுன்னு கீழ போயிட்டியே. பின்னாடியே ஓடி வந்தேன், திரும்பிக்கூடப் பாக்கல. டாக்ஸியில ஏறிப் போயாச்சு. வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனா என்ன? நான் என்ன ஜோமார்கிட்டப் போட்டுக் குடுத்துடவா போறேன்?"

அவள் இணைப்பைத் துண்டித்துவிட்டு ஜோமாருக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஜோமார் மத்தியானத்தில் தூங்கினால் இடி விழுந்தாலும் எழமாட்டான். மறுபடி அடித்தாள். மறுபடி. மற்ற நாளாக இருந்தால் மணிலா கூடத்திலிருந்து வீடு இருக்கும் மரிகினாவுக்குப் போக ரோட்டில் இரண்டு மணி நேரம் நின்று சாக வேண்டும். இன்றைக்கு ரோடெல்லாம் காலி. காலி ரோட்டில் ஒரு டாக்ஸி எவ்வளவு வேகமாகப் போகும்! அக்கம்பக்கத்தில் யார் எண்ணும் அவளிடம் இல்லை. மூன்று வருடத்தில் அந்தத் தெருவில் அவளுக்கு யாரையுமே தெரியாமல் போயிருந்தது. கூடத்தில் தப் என்று ஒரு சத்தம். அவள் அடித்துக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் வீடியோவில் யாரோ எடுத்தார்கள். முதலில் கூரை தெரிந்தது, பிறகு ஒரு மூக்கு, பிறகு பியா.

"அம்மா! அப்பா தூங்கறாரு."

"பியா, தங்கமே, கேளு. கதவைச் சாத்து. கேட்டைத் தெறக்காத. யார் வந்தாலும் தெறக்காத. அப்பாவை எழுப்பு. கடிச்சாவது எழுப்பு, ஓடு!"

குழந்தை அசையவில்லை. திரையைப் பார்த்தாள், தலையைத் திருப்பி வெளியே எங்கேயோ பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. மூன்று வருடத்தில் போன் வழியாக மரிவிக் ஒருநாளும் பார்க்காத சிரிப்பு.

"அம்மா, நீதான் வெளிய வந்துட்டியே! எதுக்குப் போன்ல பேசற?"

"அது அம்மா இல்ல. பியா, அது அம்மா இல்லடி. அம்மா இங்க இருக்கேன், பாரு, என்னைப் பாரு!"

"உன் ஜாக்கெட் தெரியுதே. நீ அங்கிட்டுத் திரும்பி நிக்கற."

படம் குலுங்கியது. தரை, பூந்தொட்டி, சின்னச் செருப்பு, கேட்டின் துருப்பிடித்த கம்பிகள். கம்பிகளுக்கு அப்பால் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண். சாம்பல் ஜாக்கெட். அவள் கூந்தல். அவள் தோள் சாய்வு. தொங்கவிட்ட வலது கையின் உள்ளங்கை கிழிந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"பியா, வேணாம்! பியா!"

தாழ்ப்பாள் விலகியது.

"அம்மா," என்றாள் பியா, போனுக்கு இல்லை.

பெண் திரும்பினாள். குழந்தையைத் தூக்கிக்கொள்வதற்காகக் குனிந்தாள். நெற்றியில் விழுந்த மயிர் இருந்தது. இரண்டு காதுகளும் இருந்தன, காதுகளில் மரிவிக்கின் சின்ன முத்துத் தோடுகள்கூட இருந்தன. அவற்றுக்கு நடுவில் எதுவும் வந்து சேரவில்லை. நெற்றியிலிருந்து மோவாய் வரை மூடிய, வெளுத்த, வழவழப்பான தோல். அந்தத் தோலைப் பியாவின் சிரிப்புக்கு நேராகக் கொண்டுபோய் அது முத்தம் கேட்டது.